நயினார் இறுக்கிய நட்டு

குழல்வாய்மொழி அம்மாவின் மடத்தில் ஒரு பழைய ஜீப் உண்டு. அதை ஓட்டுபவர் நயினார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சீடர்தான், ஆனால் குருவைவிட வயதில் நல்ல மூத்தவர். அதனால் குருவான மொழியம்மாவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மற்ற சீடர்கள் காலையில் பூப்பறிக்கப் போவார்கள். நயினார் வீல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஜீப்பைச் சுற்றி வருவார். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டையும் இன்னும் ஒரு இழுப்பு இழுத்து வைப்பார். கை போதாவிட்டால் ஸ்பானர் மேல் ஏறி நின்று ஒரு மிதி. அம்மா உட்காரும் வண்டி, எங்கேயாவது கழன்றுவிட்டால் என்ன ஆவது? அவருக்கு அதுதான் பூசை. பக்தியில் கொஞ்சம் கிறுக்கும் கலந்திருப்பது வழக்கம்தானே என்று மடத்தில் யாரும் கண்டுகொள்வதில்லை.

அன்று காலை மொழியம்மா வந்து ஜீப்பில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, வண்டிய எடுங்க. டவுனுக்குப் போவணும்."

"டவுன்ல எங்கம்மா?"

"ரயில்வே ஸ்டேஷனுக்கு."

நயினார் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய ஒரே மகள் பிரமு அன்று மத்தியான ரயிலில் புனேக்குப் புறப்படுகிறாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. தாயில்லாப் பிள்ளை. சடை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டு வளர்த்தவர் நயினார். போகக்கூடாது என்றார். அவள் கேட்கவில்லை. 'அப்ப வழியனுப்ப நான் வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டு மடத்தில் வந்து படுத்துக்கொண்டார். அப்படிப் படுத்ததிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை.

வண்டியைக் கிளப்பினார். பாதி தூரம் போனபின்தான் வாய் வந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"பெத்த பிள்ளைய எப்பிடிம்மா விடுதது?"

மொழியம்மா பதில் சொல்வதற்குள் பின்பக்க டயர் டொப்பென்றது.

நயினார் இறங்கிப் பார்த்தார். டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. பஞ்சர் எல்லாம் அவருக்கு ஒரு வேலையா? ஸ்பானரை நட்டில் மாட்டி இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை. ஏறி மிதித்தார். கிறீச்சென்று கத்திக்கொண்டு ஒன்று கழன்றது. இப்படியே மிதித்து மிதித்து மூன்றைக் கழற்றுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வரமாட்டேன் என்றவருக்கு இப்போது எப்படியாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டுமே என்ற தவிப்பு. அந்தப் பேச்சோடு அவள் ரயில் ஏறிவிட்டால்? பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவது நட்டின் மேல் ஒரே மிதியாக மிதித்தார்.

படக்கென்று ஒரு சத்தம். நட்டோடு சேர்ந்து பாதி போல்ட்டும் முறிந்து ரோட்டில் விழுந்தது.

நயினார் அதைப் பார்த்தபடி புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மொழியம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதை ஆரு இவ்வளவு இறுக்குனது?"

"நாந்தாம்மா."

"எதுக்கு?"

"நீங்க உக்காருத வண்டில்லா."

"எம்மேல அவ்வளவு பாசமா?"

"இல்லாமயா?"

"நட்டு பாவம்லா, அண்ணாச்சி."

அந்த நிலையிலும் நயினாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"இறுக்குன பெறவு பயம் போயிருமா?" என்று மொழியம்மா கேட்டார்.

"எங்க? மறுநா விடிஞ்சதும் திரும்ப வந்துருது."

மொழியம்மா மீதியிருந்த ஒரே நட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்பிடி ஒண்ணு பிடிச்சுக்கிட்டா, டிப்போல என்ன செய்வீங்க?"

"டீசலை ஊத்தி ஊறப் போடுவோம். நாலு தட்டு தட்டுவோம். பெறவு, இறுக்குத பக்கமே ஒரு பொடி திருப்புவோம். பிடிப்பு விட்டுச்சுன்னா கழத்தலாம்."

"அப்ப ஏன் செய்யல?"

"அதுக்கு நேரம் ஆவும்மா. ரயிலு..."

"உங்க ரயிலு அதுக்குத் தெரியுமா?"

நயினார் எழுந்தார். வண்டியில் கேனில் இருந்த டீசலைத் துணியில் நனைத்து நட்டின் மேல் பிழிந்தார். சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினார். பிறகு கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இனி என்ன?"

"ஊறணும். அதுவரைக்கும் சும்மா இருக்கணும்."

"அப்ப இருங்க."

சும்மா இருப்பது நயினாரின் சுபாவத்திலேயே கிடையாது. எழுந்தார், உட்கார்ந்தார், ரோட்டைப் பார்த்தார். மொழியம்மா சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்த பொரிகடலையை அவிழ்த்து, பாதியை அவர் உள்ளங்கையில் போட்டார். வேறு வழியில்லாமல் நயினார் மென்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ!

"ம், இப்ப இறுக்குங்க" என்றார் மொழியம்மா.

நயினார் ஸ்பானரை மாட்டினார். மிதிக்கவில்லை. கையாலேயே இறுக்குகிற பக்கமாக இம்மியளவு திருப்பினார். உள்ளே எங்கேயோ கிர்ரென்று துரு விட்டது. திருப்பிக் கழற்றுகிற பக்கமாக இழுத்தார். நட்டு சொன்னபடி வந்தது.

ஜாக்கியை ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றி அவர் உருட்டி விடவும், ஊர்ப் பக்கமிருந்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஸ்டேஷனுக்குப் போக அந்த ஒரே ரோடுதான். ஆட்டோ முழுக்கப் பெட்டிகள், நடுவே பிரமுவின் சித்தி. பிரமு குதித்து இறங்கி ஓடிவந்தாள்.

"அப்பா! வரமாட்டேன்னு சொன்னீங்க?"

"வந்துக்கிட்டுதான் இருந்தேன், தாயி. நடுவுல இந்தச் சனியன்..."

பிரமு கழற்றிப் போட்டிருந்த சக்கரத்தைப் பார்த்தாள். முறிந்த போல்ட்டைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத கதையா?

"இன்னும் ஏறி மிதிக்கத நிறுத்தலியா நீங்க?" என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

நயினார் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டோவ அனுப்பிரு. இதோ ஸ்டெப்னிய மாட்டிட்டு நானே கொண்டு விட்டுருதேன். உன் பெட்டியெல்லாம் நான் ஏத்தினாத்தான் சரியா இருக்கும்."

"நேரம் இல்லப்பா."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நயினார் கம்பியை விடவில்லை. மொழியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவரோ மீதிப் பொரிகடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமிருந்து ஒரு உதவியும் வருவதாக இல்லை.

நயினார் கம்பியை விட்டுவிட்டு மகளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். டீசலும் கிரீஸுமாக இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "ஐயோ, புதுச் சுடிதாரு!" என்று சித்தி உள்ளேயிருந்து கத்தியது அப்பனுக்கும் கேட்கவில்லை, மகளுக்கும் கேட்கவில்லை. அவர் மீசை அவள் உச்சந்தலையில் நடுங்கியது.

பிறகு அவர் கை தானாகத் தளர்ந்தது.

"ஏறு. எறங்குனதும் ஒரு போன் போடு."

"போயிட்டு வாரேம்ப்பா."

"போயிட்டு வா, தாயி."

ஆட்டோ வளைவு திரும்பி மறைந்தது. சத்தம் நின்ற பிறகும் நயினார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுதார். துடைத்த கையில் கிரீஸ் இருந்ததால் கன்னமெல்லாம் கறுப்பானது. மொழியம்மா முந்தியை நனைத்து அதைத் துடைத்துவிட்டார்.

வேலை கிடந்தது. ஸ்டெப்னியைத் தூக்கி, மிச்சமிருந்த நாலு போல்ட்டில் மாட்டினார். நட்டுகளைக் கையால் சுற்றினார். ஜாக்கியை இறக்கி, ஸ்பானரைப் போட்டு ஒவ்வொன்றாக இழுத்தார். கடைசி நட்டில் வலது கால் பழக்கத்தில் மேலே எழும்பியது. பாதியில் நின்றது.

வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவர், முதல் நாள் வேலைக்கு வந்தவரைப் போலத் திரும்பிக் கேட்டார்.

"எவ்வளவும்மா இறுக்கணும்?"

மொழியம்மா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"கழத்துத அன்னைக்கும் உங்க கைதான் வரணும், அண்ணாச்சி. அதை மனசுல வச்சுக்கிட்டு இறுக்குங்க."