சத்தம் வராத கால்

அருளப்பன் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். அவர் ஓட்டும் பஸ்ஸில் கைக்குழந்தைகூட ஊர் வந்து சேரும்வரை கண் விழிக்காது என்று திண்டுக்கல் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. நத்தம் சாலையில் கார் பட்டறை வைத்திருந்த நூர்ஜகானிடம் தொழில் கற்கச் சேர்ந்துவிட்டார். குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சிஷ்யருக்கு அறுபத்தொன்று. இவர் ‘மேஸ்திரியம்மா’ என்பார். நூர்ஜகான் ‘அண்ணே’ என்பார்.

அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. எந்தச் சத்தத்தையும் மூன்று தடவை காதால் கேட்காமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது. அருளப்பனுக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவருடைய மகள் சகாயராணி தன் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவள் நர்ஸ். திங்கட்கிழமை புது வேலையில் சேர வேண்டும். சிறுமலைக்கு மேலே ஊர் ஊராகப் போய், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சொந்தமாக வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் கொடுப்பார்கள் என்று, நாலு மாதமாக விழுந்து விழுந்து கார் பழகியிருந்தாள்.

“ரெண்டு நாளா கிளம்பும்போது ‘டொக்’குங்குதுப்பா. ஆக்சிலேட்டர விட்டுட்டு மறுபடி மிதிச்சாலும் ‘டொக்’குங்குது. அடியில யாரோ சுத்தியல வச்சு அடிக்கிற மாதிரி இருக்கு.”

அருளப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்வந்தார். சத்தம் இல்லை. இரண்டாவது சுற்றிலும் இல்லை. மூன்றாவது சுற்றில் ஜன்னலை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். வண்டி வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போயிற்று.

“வண்டியில ஒண்ணுமில்லம்மா,” என்றார். “எல்லாம் உன் கால்லதான் இருக்கு.”

பட்டறையில் காத்திருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். சகாயராணி சிரிக்கவில்லை. சாவியை டூல்ஸ் பெட்டிமேல் வைத்தாள்.

“சரிப்பா. அந்த வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடறேன்.”

சாலையைக் கடந்து போய் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அருளப்பன் பொய் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றியது. நூர்ஜகானிடம் போய் நின்றார்.

“மேஸ்திரியம்மா, இல்லாத சத்தத்த எப்படித் தேடுறது?”

நூர்ஜகான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து காரில் முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

“ஓட்டுங்கண்ணே.”

ஓட்டினார். சத்தம் இல்லை.

“மோசமா ஓட்டுங்க.”

“எப்படி?”

“கிளட்ச்ச சட்டுனு விடுங்க.”

அருளப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல, அது பாட்டுக்குப் பதமாக மேலே வந்தது. நாலு முறை முயன்றார். நாலு முறையும் வண்டி அலுங்காமல் கிளம்பிற்று.

“முடியலையே மேஸ்திரியம்மா.”

“சரி, உங்க மக எப்படி ஓட்டுவாங்களோ அப்படி ஓட்டுங்க. பக்கத்துல உக்காந்து பாத்திருப்பீங்கல்ல?”

அருளப்பன் நாலு மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சாலையைப் பார்த்திருக்கிறார், எதிரே வரும் லாரியைப் பார்த்திருக்கிறார், ‘பிரேக், பிரேக்’ என்று கத்தியிருக்கிறார். அவள் காலை ஒரு நாளும் பார்த்ததில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவருக்குப் பெற்ற பெண்ணின் கால்கூடத் தெரியவில்லை.

“தெரியாது,” என்றார்.

“அப்ப தெரிஞ்சவங்களக் கூப்பிடுங்க.”

சாலையைக் கடக்க அவருக்கு நேரம் பிடித்தது. பஸ்ஸுக்கு நிற்பவரைப்போல மகள் பக்கத்தில் கொஞ்சம் நின்றார்.

“வந்து ஒரு தடவ ஓட்டிக் காட்டும்மா.”

“எதுக்குப்பா? நாலு பேர் சிரிக்கவா?”

“எனக்கு அந்தச் சத்தம் வேணும். என்னால வர வைக்க முடியல.”

சகாயராணி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

அவள் ஓட்ட, நூர்ஜகான் பக்கத்தில் இருந்தார். அருளப்பனைப் பின்னால் ஏறி, காதை வண்டித் தரையோடு வைத்துக்கொள்ளச் சொன்னார். அறுபத்தொரு வயதில் அவர் சீட்டுகளுக்கு நடுவே மடங்கிக் கிடந்தார். வண்டி ஒரு உதறு உதறிக் கிளம்பியது.

டொக்.

மகள் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தாள்.

டொக்.

“இன்னொரு தடவம்மா,” என்று கீழேயிருந்து கேட்டார். மூன்றாவது முறை அது அவர் கன்னத்துக்கு அடியிலேயே இடித்தது.

“பின்னாடி கிராஸ்,” என்றார் அருளப்பன். கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குப் போகும் நீண்ட ஷாஃப்ட்டின் கடைசி மூட்டு அது.

பட்டறைக்கு வந்ததும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு அவரே அடியில் படுத்தார். மூட்டைச் சுற்றி மிளகாய்த்தூள் நிறத்தில் துருப்பொடி படிந்திருந்தது. கிரீஸ் பார்த்து எத்தனை காலமோ. ஷாஃப்ட்டைப் பிடித்துத் திருகினார். ஆடிப்போன பல்லாய் அசைந்து கொடுத்தது.

“இம்புட்டு ஆட்டம் இருக்கு. நான் ஓட்டும்போது ஏன் கேக்கல?”

“நீங்க மெதுவா விட்டதுல, அந்த ஆட்டமும் மெதுவா அடங்கிருச்சு. இடிக்கவே இல்ல.”

“அப்ப நானே ஓட்டிக்கிட்டிருந்தா?”

“சொல்லாமக் கொள்ளாம ஒரு நாள் அறுந்திருக்கும். மலையில எங்கயாவது.”

அருளப்பன் வண்டிக்கு அடியிலிருந்து உடனே வெளியே வரவில்லை.

மத்தியானத்துக்குள் புது கிராஸ் மாட்டியாயிற்று. ஒவ்வொரு போல்ட்டையும் அவரே முடுக்கினார். சகாயராணி வண்டியை எடுத்தாள். உதறிக்கொண்டுதான் கிளம்பியது, ஆனால் அடியில் சத்தம் இல்லை. அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, திங்கட்கிழம வரேன்னு சொல்லிட்டேன்.”

கார் திருப்பத்தில் மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். சந்தோஷத்தில் கண் கரித்தது. அதோடு இன்னொன்றும் மனதை அரித்தது. நூர்ஜகான் பக்கம் திரும்பினார்.

“அப்ப அவ ஓட்டுறது சரிதான்னு சொல்றீங்களா, மேஸ்திரியம்மா?”

“சரியில்லண்ணே. கிளட்ச்ச பட்டுனு விடுறாங்க. மலையில ஒரு மாசம் ஏறி இறங்குனா திருந்திரும்.”

“என் கால்?”

நூர்ஜகான் ஸ்பேனர்களைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார்.

“அது திருந்த நாளாகும்ணே. அதுலதான் தப்பே இல்லையே.”