வரைந்து முடியாத முகம்

"இலை போட்டாச்சுன்னா உட்கார்ந்தவனைக் காக்க வைக்கக் கூடாதுடா. ஆனா…"

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியும் கையுமாக நின்றுகொண்டு சீலனின் பெரியப்பா சொன்னது இது. 'ஆனா'வுக்குப் பிறகும் என்னவோ சொன்னார். பக்கத்தில் மேளம் முழங்கியதில் காதில் விழவில்லை. பெரியப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சீலனுக்கே நாற்பத்தெட்டு வயது. கையில் மிஞ்சியது அந்தப் பாதிப் பேச்சுதான். அதை வைத்துக்கொண்டு அவரும் ஒரு பந்தி நடத்திக்கொண்டிருந்தார்.

சோற்றுப் பந்தி இல்லை. ஜப்பானின் நகோயாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பியவர், அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் போட்டு ஒரு இணையக் குரூப்பில் இலவசமாகக் கொடுத்துவந்தார். யாரிடமும் அனுமதி வாங்கியதில்லை. இப்போது தமிழில் வேறு ஆள் ஒழுங்காகப் போடுவதுமில்லை. ஊரில் பழகியவர்கள் ஒவ்வொருவராக வெளியூர் போய்விட்டார்கள். பேச்சுத்துணை என்று இருந்தது அந்தக் குரூப் ஒன்றுதான். முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் அவரை 'சீலன் அண்ணா' என்றார்கள்.

இந்த வாரம் அதே வாய்கள் வேறு மாதிரி பேசின.

தில்லைநகரில் ஒரு மொபைல் கடை மாடியில் நப்பின்னை டீச்சர் ஜப்பானிய மொழி வகுப்பு நடத்துகிறார். சீலனைவிடப் பதின்மூன்று வயது இளையவர். தொழிற்சாலைப் பேச்சு மட்டும் தெரிந்திருந்த சீலனுக்கு எழுத்தைப் படிக்கவும், நீளமான வசனத்தை இரண்டு வரிக்குள் அடக்கவும் சொல்லிக்கொடுத்தது அவர்தான். ஒரு காலத்தில் அவரும் இதே சப்டைட்டில் வேலையைச் செய்தவர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் சிரித்துக்கொள்வார்.

வகுப்பு கலைந்ததும் சீலன் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சந்தேகம், டீச்சர்."

"இலக்கணமா?"

"இல்லை. தூக்கம் வரமாட்டேங்குது."

"அதுக்கு டாக்டர் கீழ்த்தெருவுல இருக்கார், சார்."

மேசையில் குப்புற வைத்திருந்த சீலனின் போன் அதிர்ந்தது. அதிர்ந்தபடியே விளிம்பை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தது. சீலன் அதைத் தொடவில்லை.

விஷயம் இதுதான். கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் ஒரு சிறுமியின் கதைக்கு அவர் தமிழ் போட்டுவந்தார். விட்டுப்போன அம்மாவை அவள் தேடுகிறாள். அம்மாவின் பின்னல் தெரியும், நிழல் தெரியும். முகத்தை மட்டும் ஒருமுறைகூடக் காட்டவில்லை. கடைசி எபிசோடில் காட்டுவார்கள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, தொடரை இயக்கும் அம்மையாருக்கு உடம்பு முடியாமல் போய், தேதி சொல்லாமல் தள்ளிவைத்துவிட்டார்கள். பாதி வேலையில் நின்ற எபிசோடை எவனோ ஸ்டுடியோவிலிருந்து திருடி, முதல் ஆளாகச் சீலனுக்கு அனுப்பிவிட்டான். குரூப்புக்கும் தெரிந்துவிட்டது.

"என்ன சொல்றாங்க? படிங்க, கேட்போம்."

சீலன் போனை எடுத்துப் படித்தார்.

"'அண்ணா, ஃபைல் வந்துடுச்சாமே, இன்னிக்குப் போட்டுடுவீங்களா?' 'அண்ணன் குறட்டை விடுறார் போல.' 'நாலு வரி தட்டுறதுக்கு இவ்வளவு பிகுவா?' 'முடியலைன்னா சொல்லிடுங்க, ஊர்ல வேற குரூப் இல்லாமலா போச்சு.'" போனை மறுபடி குப்புற வைத்தார். "ஒரு பைசா வாங்கினதில்லை, டீச்சர். என்னமோ சம்பளத்துக்கு வச்ச ஆள் மாதிரி."

"அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சேதி வந்தப்போ குரூப்ல நீங்க என்ன போட்டீங்க?"

"சீக்கிரம் குணமாகணும்னு போட்டேன்."

"அவ்வளவுதானா?"

சீலன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "'இத்தனை மாசம் காத்திருந்த எங்களுக்கு என்ன பதில்'னும் போட்டேன்."

"லைக் விழுந்துதா?"

"நிறைய."

டீச்சர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். தெரு இரைச்சல் அடங்கியது. போனின் அதிர்வு இன்னும் பலமாகக் கேட்டது.

"போடறதா, வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க," என்றார் சீலன். "நான் போடலைன்னா இன்னிக்கு ராத்திரிக்குள்ள இன்னொருத்தன் கன்னாபின்னான்னு போட்டுடுவான். எல்லாரும் அங்கே போயிடுவாங்க." குரல் தணிந்தது. "அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

"லேப்டாப் கொண்டாந்திருக்கீங்கல்ல?"

"இருக்கு."

"திறங்க. சேர்ந்தே போடுவோம்."

சீலன் பையிலிருந்து அவசரமாக எடுத்தார்.

"வழக்கமா செய்யற மாதிரியே செய்யணும், சார். ஒண்ணும் விடக்கூடாது."

அவர் வழக்கம் குரூப்பில் பிரசித்தம். வசனத்தோடு நிறுத்தமாட்டார். கடைப் பலகை, மருந்துப் புட்டி, ஓடும் பஸ்ஸின் நெற்றி, எங்கே எழுத்து தெரிந்தாலும் அதற்குத் தமிழ் இருக்கும். சீலன் அண்ணா போட்டதா என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எபிசோடு ஓடியது. சில காட்சிகளில் வண்ணம் இருந்தது. சிலவற்றில் பென்சில் கோடுகள் மட்டும். கடல் வர வேண்டிய இடம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. சில இடங்களில் சிறுமியின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சீலன் மளமளவென்று தட்டிக்கொண்டே போனார். இடையிடையே போன் அதிர்ந்தது.

அம்மா திரும்பும் காட்சி வந்தது.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முட்டை வடிவம். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள். அழித்து அழித்து வரைந்த கண்கள். ஓரத்தில் யாரோ கையால் எழுதிய எழுத்து. சீலன் அடுத்த வசனத்துக்குப் போகப் பார்த்தார். டீச்சர் எட்டிப் படத்தை நிறுத்தினார்.

"ஒண்ணை விட்டுட்டீங்களே."

"அது வசனம் இல்லை, டீச்சர்."

"எழுத்துதானே? பஸ் போர்டையே விடாத ஆளு நீங்க."

கிறுக்கல் கையெழுத்து. சீலன் கண்ணாடியைக் கழற்றி, திரையருகே குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். பிறகு நிமிர்ந்து மெதுவாகத் தட்டினார். அவருடைய வழக்கமான மஞ்சள் எழுத்தில், அந்தக் காலி முகத்துக்குக் கீழே வரி வந்து நின்றது.

'இது இன்னும் அவளுடைய அம்மா இல்லை.
மன்னியுங்கள். மறுபடி வரைகிறேன்.'

"ரெண்டே வரியில அடங்கிடுச்சு. நல்லா வந்திருக்கு," என்றார் டீச்சர். "யாருக்கு எழுதினது, சார்?"

"ஸ்டுடியோவுல பக்கத்து மேசையில வரையறவங்களுக்கு இருக்கும்."

"நமக்கு?"

"இல்லை."

போன் இப்போது மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள். இருவருமே கை நீட்டவில்லை.

"அப்போ இதுவரைக்கும் யாரையும் கேக்காம நான் போட்டதெல்லாம்?"

"அந்தக் கேள்வி உங்ககிட்டயே இருக்கட்டும். என்கிட்டயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு."

சீலன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அழிக்கும் பட்டன் மீது விரல் போனது, திரும்பி வந்தது.

"எங்க பெரியப்பா சொல்வார், டீச்சர். இலை போட்டாச்சுன்னா உட்கார்ந்தவனைக் காக்க வைக்கக் கூடாதுன்னு. நான்தானே கூப்பிட்டு உட்கார வச்சேன். எழுந்து போயிடுவாங்களே."

"போவாங்க."

டீச்சர் திரையில் இருந்த முகத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"சமைக்கிறவங்க இன்னும் அடுப்பிலிருந்து இறக்கலையே, சார்."

சீலன் ஃபைலை அழித்தார். போனை எடுத்து, கடைசி எபிசோடுக்கு நான் தமிழ் போடப்போவதில்லை என்று குரூப்பில் எழுதினார்.