வடிவம்மாளின் கழுத்து

டாக்டர் இசக்கிராஜ் இனிமேல் கத்தியைத் தொடமாட்டானாம். ஆஸ்பத்திரி கேன்டீன் வரைக்கும் இதே பேச்சுதான். பேசாமல் என்ன செய்வார்கள்? பேராசிரியர் செண்பகவல்லியின் மாணவர்களிலேயே கைராசிக்காரன் என்று பேர் வாங்கியவன் அவன். ஆபரேஷன் தியேட்டர் பக்கமே தலைகாட்டாமல், மேடத்தின் அறை வாசலில் போய் நின்றால் பேச்சு வரத்தானே செய்யும்.

நடந்தது இதுதான். வடிவம்மாள் பீடி சுற்றுகிறவள், வாயில் புற்றுநோய். போன வாரம் வாய் நிறைய ரத்தத்தோடு வந்தாள். துணியை வைத்து அடைத்தும் அடங்கவில்லை. கழுத்தில் ஒன்றாக ஏறுகிற ரத்தக் குழாய் தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரியும். ஒன்று முகத்துக்குப் போகும், மற்றது மூளைக்கு. முகத்துக்குப் போவதைக் கட்டிவிட்டால் வாயில் வரும் ரத்தம் நிற்கும். அது முன்பக்கம் இருக்கும், மூளைக்குப் போவது பின்னால் ஒதுங்கி இருக்கும் என்பது முதல் வருஷப் பாடம். இசக்கிராஜ் முன்னால் இருந்ததைக் கட்டினான்.

வடிவம்மாளுக்கு இரண்டும் இடம் மாறி இருந்தன. பாவம், அப்படிப் பிறந்துவிட்டாள். ரத்தம் நிற்காததைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவிழ்த்து, மற்றதைக் கட்டினான். ரத்தம் நின்றது. ஆனால் கண் விழித்தபோது அவளுக்கு வலது கை விழுந்திருந்தது. பேச்சும் போயிருந்தது.

"புத்தகத்துல இருக்கிற மாதிரிதானே மேடம் கட்டினேன்?" என்று கேட்டான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புத்தகம் யாரு கழுத்தைப் பாத்து எழுதினது?"

"எத்தனையோ பேரு கழுத்தை."

"அதுல வடிவம்மா இருந்தாங்களா?"

உன் மேல் தப்பில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று ஏங்கிப்போய் வந்திருந்தான். அந்த மனுஷியிடம் அது கிடைக்காது என்று அவனுக்குத் தெரியாதா என்ன. தெரிந்தும் வந்தான்.

அதற்குள் நர்ஸ் ஓடி வந்தாள். நாக்கில் புற்றுநோயோடு ஒரு லாரி டிரைவர், ரத்தம் கொட்டுகிறது என்றாள்.

"வா," என்று மேடம் எழுந்தார்.

"என்னால முடியாது மேடம்."

"கையைக் கழுவிட்டு வா."

தியேட்டரில் அவர் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டார். கழுத்தைத் திறந்ததும் இரண்டு குழாய்களும் தெரிந்தன.

"எது?"

"முன்னால..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "தெரியல மேடம்."

"தெரியலன்னா பாரு."

கழுத்துக்குள் கிளை விடுவது முகத்துக்குப் போவது. மூளைக்குப் போவது அநேகமாகக் கிளை விடாமல் நேரே மேலே ஏறும். அவன் ஒன்றைப் பிடித்து மெல்ல மேலே தொடர்ந்தான். ஒரு கிளை வந்தது.

"போதுமா?" என்றார் மேடம்.

அவன் குழாயை விரலால் அமுக்கினான். மேடம் டிரைவரின் காதுக்கு முன்னால் விரலை வைத்தார். முகத்துக்குப் போகும் குழாய் முடிகிற இடத்தில் அங்கே நாடி துடிக்கும்.

"நின்னுடுச்சு."

"கட்டட்டுமா மேடம்?"

"விடு. மறுபடி அமுக்கு."

விட்டான், துடித்தது. அமுக்கினான், நின்றது.

"இப்ப கட்டு."

ரத்தம் நின்றது. அந்த ஆளுக்கு எல்லாமே புத்தகத்தில் உள்ளபடிதான் இருந்தது. யோசிக்காமல் முன்னால் இருந்ததைக் கட்டியிருந்தாலும் சரியாகவே போயிருக்கும். தன் கைராசி இத்தனை நாளும் இப்படித்தான் ஓடியதோ என்று நினைத்தபோதுதான் இசக்கிராஜுக்கு உடம்பெல்லாம் பதறியது.

மயக்கம் தெளிந்த டிரைவர், கையைத் தூக்கச் சொன்னதும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். குழறலாகப் பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மேடத்தோடு திரும்பும்போது பெண்கள் வார்டைத் தாண்ட வேண்டியிருந்தது. உள்ளே வடிவம்மாளின் மூக்கில் போட்ட குழாய் வழியாக அவள் புருஷன் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"எப்ப சார் பேசுவா?"

"பாப்போம்யா," என்றான் இசக்கிராஜ். வேறு என்ன சொல்ல.

வராந்தாவின் கோடிக்கு வந்ததும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதான். அழுது முடித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

"இனிமே எந்தக் கழுத்துலயும் நான் இந்தத் தப்பைப் பண்ணமாட்டேன் மேடம். வடிவம்மாதான் எனக்குக் குரு. அவங்க சொல்லிக் குடுத்த பாடம் சாகுற வரைக்கும் மறக்காது."

மேடம் நின்றார்.

"அவங்க உனக்குப் பாடம் சொல்லிக் குடுக்க வரல, இசக்கி. வாயில ரத்தம் வருதுன்னு வந்தாங்க."