கம்பத்தடிக்கு வந்த வீடுகள்

முன்னொரு காலத்தில், அதாவது ரொம்பவும் முன்னால் இல்லை, மின்சாரம் வந்துவிட்டது, மகாராஜாக்கள் இன்னும் போகவில்லை, அப்படியொரு காலத்தில், மலையடிவாரத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் மகாராஜா அருவிக்குக் கீழே ஒரு மின்சார நிலையம் கட்டினார். கட்டி இரண்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் அரண்மனை மொட்டைமாடியில் ஏறி நின்று ஊரைப் பார்த்தார். அரண்மனை வாசலிலிருந்து திவான் மாளிகை வரை ராஜபாட்டை ஜகஜ்ஜோதியாக இருந்தது. அதற்கு அப்பால் ஊர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"நம் ஜனங்களுக்கு வெளிச்சம் பிடிக்கவில்லை" என்று மகாராஜா முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் சபையில் உத்தரவு பிறந்தது. கிடங்கில் சும்மா கிடக்கும் மின்கம்பங்களையெல்லாம் காட்டிலிருக்கும் வேட்டை மாளிகைக்குக் கொண்டுபோய் நட வேண்டியது. மனிதர் பார்க்காவிட்டால் மான்களாவது பார்த்து மகிழட்டும்.

"உத்தமமான யோசனை, மகாராஜா" என்றார் திவான் சபாரத்தினம். மின்சாரக் கட்டண விதிகளை எழுதியவர் அவர்தான்.

சபையின் ஓரத்தில் விகடர் திருமேனி தொண்டையைச் செருமினார். தானியப் பேட்டையில் தரகு பேசி வளர்ந்த ஆள். தலைப்பாகை பெரிது, வாய் அதைவிடப் பெரிது. மகாராஜாவுக்கு அவர் மேல் பிரியம். அவரை வெறுக்க அந்த ஒரு காரணமே திவானுக்குப் போதும்.

"மகாராஜா, மான்கள் மனு கொடுத்திருக்கின்றனவா?"

சபை சிரித்தது. திவான் சிரிக்கவில்லை.

"மனிதர்களும்தான் கொடுக்கவில்லை" என்றார் அவர். " ஆற்றங்கரைக் கூடைக்காரத் தெருவில் இருபத்து மூன்று வீடுகள். இரண்டு வருஷத்தில் ஒரு மனு இல்லை. விகடருக்கு அவர்கள் மேல் அத்தனை அக்கறை என்றால், ஏழு நாளில் அந்தத் தெருவின் மனுக்களை அவரே கொண்டுவரட்டும். ஆனால் விதியில் ஓர் எழுத்து மாறக் கூடாது, சலுகை கேட்கக் கூடாது, கஜானா ஒரு காசு தராது."

"கொண்டுவராவிட்டால்?" என்றார் மகாராஜா.

"கம்பங்கள் காட்டுக்குப் போகும். விகடர் தம் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, மகாராஜாவின் கோச்சு வண்டிக்கு முன்னால் தீவட்டி பிடித்து ஓடட்டும். வெளிச்சத்தில்தான் அவருக்கு ஆசை ஆயிற்றே!"

மகாராஜாவுக்கு இந்தப் பந்தயம் பிடித்துப்போயிற்று. திருமேனி தலைவணங்கினார். வேறு என்ன செய்ய?

அன்று மாலை அவர் கூடைக்காரத் தெருவுக்குப் போனார். மூங்கில் தட்டிச் சுவர், கீற்றுக் கூரை, அடியில் நாலு குறுக்கு மூங்கில், அவ்வளவுதான் வீடு. முதல் வீட்டு வாசலில் பொன்னுருவி என்பவள் சிமினி விளக்கை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூங்கிலைக் கத்தியால் பிளந்துகொண்டிருந்தாள். இடது கட்டைவிரலில் துணிக்கட்டு.

"என்னம்மா, விரல்ல?"

"நேத்துப் பொழுது சாஞ்சப்புறம் கீறினேன் சாமி, கத்தி தடம் மாறிடுச்சு. எங்க தெருவுல முழு விரலோட யாரு இருக்கா? எண்ணிப் பாருங்க."

"கரண்டு விளக்கு போட்டுக்கலாமே. மகாராஜா குடுக்கறாரே."

பொன்னுருவி கத்தியைக் கீழே வைத்தாள். "குடுக்கறாரா? நல்லா விசாரிச்சீங்களா? நாற்பது அடிக்குள்ள எரியற கம்பம் இருந்தா ரெண்டு ரூவாயாம். எங்க தெருவுக்கும் கடைசிக் கம்பத்துக்கும் நடுவுல பன்னிரண்டு கம்பம் நடணும். கம்பத்துக்குப் பதினெட்டு ரூவா. யாரு மொதல்ல மனு குடுக்கறாங்களோ அவங்க தலையில."

"அப்புறம் கேக்கறவங்களுக்கு?"

"அவங்களுக்கு என்ன, வாசல்லயே கம்பம் நிக்குமே. வெறும் ரெண்டு ரூவாதான்." பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "அதனாலதான் எங்க மச்சான் ரெண்டு வருசமா என் மூஞ்சியைப் பாக்குறாரு, நான் எப்பப் போடுவேன்னு!"

"நீ மட்டும் என்னவாம்?" என்று தட்டிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "நான் போடுவேன்னு நீ பாக்கலையா?"

திருமேனி தெரு முழுக்க நடந்தார். இருபத்து மூன்று வீட்டிலும் இதே கதை. எல்லோரிடமும் இரண்டு ரூபாய் இருந்தது, பானையிலோ, முந்தானை முடிச்சிலோ. எவரிடமும் இருநூற்றுப் பதினெட்டு இல்லை. அவருக்குப் பேட்டை ஞாபகம் வந்தது. அங்கே முதல் போணி பண்ணுகிறவனை ராஜா மாதிரி நடத்துவார்கள், விலையைக் குறைத்து, கூட ஒரு பிடி அள்ளிப் போட்டு அனுப்புவார்கள். இந்தக் கடையில் போணி பண்ண வந்தவன் தலையில் கடையையே தூக்கி வைக்கிறார்கள். பிறகு வாசலில் உட்கார்ந்துகொண்டு, ஐயோ, ஒருத்தனும் வரவில்லையே என்று அழுகிறார்கள்.

சிரிப்பு வரவில்லை. அவர் வீட்டுக்குப் போய், அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்து ஏற்றி வைத்துக்கொண்டு, திவானின் விதிகளை நாலு முறை வாசித்தார். பேரத்தில் எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்கும். இந்த விதியில் எறும்பு நுழைய இடமில்லை.

ஐந்து நாள் போயிற்று. திவானின் வேலைக்காரன் வந்து, தீவட்டிக்குத் துணி சுற்றி வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஆறாம் நாள் மலையில் மேகம் கறுத்தது. திருமேனி தெருவில் நுழைந்தபோது, பொன்னுருவியின் மச்சானும் வேறு ஐந்து பேரும் ஒரு வீட்டின் நாலு மூலையிலும் கை கொடுத்து, "ஏலே, ஒசத்து! கூரை இடிக்குது, ஒசத்து!" என்று கூவியபடி, அந்த வீட்டைப் பல்லக்கு மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே ஒரு கிழவர் பீடியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா இது!"

"ஆறு ஏறுனா வீட்டை மேட்டுக்குத் தூக்கிடுவோம் சாமி" என்றாள் பொன்னுருவி. "வருசா வருசம் உள்ளதுதானே. மேட்டுல எங்க வேணா வைக்கலாம், ராஜபாட்டை ஓரமாக்கூட. மகாராஜாவோட பாட்டனார் எங்களுக்குப் பட்டயம் குடுத்திருக்காரு."

திருமேனி கொஞ்ச நேரம் அந்த வீடு போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலைப்பாகையை அழுத்திச் சரி செய்துகொண்டார்.

ஏழாம் நாள் உச்சிவேளை. சபையில் திவான் எழுந்தார். "மகாராஜா, தவணை முடிந்தது. விகடர் வெறுங்கையோடு நிற்கிறார்."

அப்போது திவான் மாளிகை வாயிற்காவலன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "ஐயா! நம்ம வாசல்ல ஊரே முளைச்சிருக்கு! உங்க சாரட்டு வெளிய வர வழியில்ல!"

மகாராஜா, திவான், சபை எல்லோரும் ராஜபாட்டைக்கு வந்தார்கள். திவான் மாளிகைக் கம்பத்தடியில் பதினொரு வீடுகள். அதற்கு முந்தின கம்பத்தடியில் ஏழு. அதற்கும் முந்தினதில் ஐந்து. நடுவே கோழிகள், ஆட்டுக்குட்டிகள், அடுப்புப் புகை. பொன்னுருவி திவானின் படிக்கட்டுப் பக்கமாக மூங்கில் பிளந்துகொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு இங்கே வந்தீர்கள்!" என்று திவான் அதட்டினார்.

"வெள்ளம் வரும்போல இருக்குங்க, ஐயா. முறம் ஒண்ணு எடுத்துக்கறீங்களா? புதுசு."

திருமேனி மடியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மகாராஜாவின் கையில் வைத்தார். "இருபத்து மூன்று மனுக்கள், மகாராஜா. ஒவ்வொன்றோடும் இரண்டு ரூபாய். எல்லா வீடும் எரிகிற கம்பத்திலிருந்து நாற்பது அடிக்குள். நானே கயிறு பிடித்து அளந்தேன். விதியில் ஓர் எழுத்து மாறவில்லை. கஜானா ஒரு காசு தரவில்லை. கம்பம் வீட்டுக்கு வருவதற்குத்தான் திவான் அவர்கள் விலை வைத்திருக்கிறார்கள். வீடு கம்பத்துக்கு வருவதற்கு வைக்க மறந்துவிட்டார்கள்."

மகாராஜா திவானின் முகத்தைப் பார்த்தார். அப்போது ஓர் ஆட்டுக்குட்டி படிக்கட்டில் ஏறி மாளிகைக்குள் போயிற்று. மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மகாராஜா, இவர்களை உடனே..." என்று தொடங்கினார் திவான்.

"பட்டயம் என் பாட்டனாருடையது, சபாரத்தினம்" என்ற மகாராஜா, சிரிப்பு அடங்கியதும் பொன்னுருவியின் விரல்கட்டைக் கவனித்தார். "திருமேனி, இவர்களுக்கு வெளிச்சம் பிடிக்கவில்லை என்றல்லவா நினைத்தேன்?"

"பிடித்ததால்தான் வீட்டையே தோளில் தூக்கி வந்திருக்கிறார்கள், மகாராஜா. இந்த ராஜபாட்டையைத் தங்கள் பாட்டனார் போட்டபோது, முதலில் நடந்துபோனவனைப் பிடித்து, கல்லுக்கும் மண்ணுக்கும் நீ காசு கட்டு என்று கேட்டாரா? கம்பமும் ராஜ்யத்தின் பாட்டைதான். வீட்டுக்கு இரண்டு ரூபாய். முதல் வீடானாலும் கடைசி வீடானாலும், பக்கமானாலும் தூரமானாலும் அதே இரண்டு ரூபாய். மிச்சச் செலவு கஜானாவுடையது. இன்றைக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். ஆனால் இருட்டில் கிடக்கும் வீடு எந்த மாதமும் மின்சாரம் வாங்காது, எரிகிற வீடு மாதா மாதம் வாங்கும்."

மகாராஜா அங்கேயே உத்தரவு போட்டார். வேட்டை மாளிகைக்கு வண்டியேறியிருந்த கம்பங்கள் ஆற்றங்கரைக்குத் திரும்பின. ஒரு கட்டணம், எல்லோருக்கும். கம்பம் நட்டு முடிக்கும் வரை இருபத்து மூன்று வீடும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். திவான் அவசரமாக, நாலே நாளில் முடித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் அந்த இலாகா காட்டிய முதல் சுறுசுறுப்பு அது.

பிறகு மகாராஜா தம் தோளிலிருந்த சரிகைச் சால்வையைத் திருமேனிக்குப் போர்த்தினார். நூறு பொன் கொண்ட பையையும் கொடுத்தார். "இன்னும் ஏதாவது வேண்டுமா?"

திருமேனி மடியைத் தடவி இரண்டு ரூபாயை எடுத்து, காகிதக் கட்டின் மேல் வைத்தார்.

"இது யாருடைய மனு?"

"என்னுடையது, மகாராஜா."

"என்னது! உன் வீட்டில் இன்னும் மின்சாரம் இல்லையா?"

"எங்கள் தெருவுக்கு மூன்று கம்பம் நட வேண்டும்" என்று சொல்லி விகடர் சால்வையைச் சரி செய்துகொண்டார். "பக்கத்து வீட்டுக்காரன் முதலில் போடட்டும் என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தேன்."

மகாராஜா மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். இந்தத் தடவை, தம் வீட்டு வாசலுக்குப் போக வழி தேடிக்கொண்டிருந்த திவானுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.