ஒரே முறை கேட்ட தவளை

மலைமேல் இருந்த ஆய்வு நிலையத்தில் சுடர்க்கொடி புள்ளியியல் கற்பித்தாள். வயது முப்பதுக்குள். அவளிடம் படிக்க வந்த பர்வீனுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளியில் விலங்கியல் நடத்தி, பிள்ளைகள் வளர்ந்தபின் ஆராய்ச்சிக்கு வந்தவள். மாணவி "மேடம்" என்பாள். ஆசிரியை "அக்கா" என்பாள்.

பர்வீன் மழைக்காலம்தோறும் ஓடை ஓடையாகப் போய்த் தவளைகளின் குரலைக் கேட்டுக் குறித்திருந்தாள். எந்த ஓடையில் எந்தெந்தத் தவளை இனங்கள் சேர்ந்து வாழும் என்று சொல்லும் கணித மாதிரியைக் கணினியில் உருவாக்க வேண்டும். வரப்போகும் சாலை எந்த ஓடைகளை விட்டு விலக வேண்டும் என்பது அதைக் கொண்டுதான் முடிவாகும்.

அன்று காலை அவள் ஒரு தவளை இனத்தை மாதிரியிலிருந்து நீக்கினாள்.

"ஏன் அக்கா எடுத்துட்டீங்க?"

"ஒரே ஒரு தடவைதான் கேட்டேன் மேடம். கண்ணால பார்க்கக்கூட இல்ல. அதுக்குத் தனியா கணக்குப் போட்டா எதுவும் நிக்க மாட்டேங்குது. ஒண்ணை வெச்சு என்ன சொல்ல முடியும்?"

சுடர்க்கொடி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தனியா எதுக்குப் போடணும்? லீவுக்கு வந்தப்போ உங்க பிள்ளைங்க மூணு பேரையும் பார்த்தேன். நாலாவதா ஒண்ணு இருந்திருந்தா எப்படி இருக்கும்னு கேட்டா, எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னா சொல்வேன்?"

பர்வீன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்தது," என்றாள். "சின்னவனுக்கு அப்புறம். பொண்ணு. ஒரு நாள்தான் இருந்தா."

ஆசிரியையின் முகம் மாறியது. "தெரியாம கேட்டுட்டேன் அக்கா."

"பரவால்ல மேடம். எத்தனை பிள்ளைங்கன்னு யார் கேட்டாலும் மூணுன்னுதான் சொல்வேன்."

பிறகு சுடர்க்கொடி மெல்லக் கேட்டாள்.

"எப்படி இருந்திருப்பா?"

"முடி சுருட்டையா இருந்திருக்கும். மூணு பேருக்கும் அப்படித்தான்." பர்வீன் லேசாகச் சிரித்தாள். "தண்ணின்னா உயிரா இருந்திருப்பா. பெரியவங்க ரெண்டு பேரும் குளத்தை விட்டு ஏற மாட்டாங்க. ஆனா சின்னவன் பயப்படுவான். அதனால அதை உறுதியா சொல்ல முடியாது. அழுகையை மட்டும் கேட்டேன். மெல்லிசா இருந்துச்சு. இவங்க யாரும் அப்படி அழுததில்ல."

சொல்லி முடித்தபோது அவளுக்கே ஏதோ பிடிபட்டது. பிறகு நிமிர்ந்து ஆசிரியையைப் பார்த்தாள்.

பர்வீன் நீக்கிய தவளையைத் திரும்பச் சேர்த்தாள். இம்முறை தனித்தனியாகக் கணக்கிடாமல், எல்லாத் தவளைகளையும் ஒன்றாக வைத்து மாதிரியை ஓடவிட்டாள்.

முடிவு வரச் சாயங்காலம் ஆயிற்று. ஈரத்தையும் நிழலையும் ஒவ்வொரு தவளையும் எவ்வளவு நாடும் என்று கோடுகள் காட்டின. கோட்டைச் சுற்றியிருந்த சாம்பல் பட்டை, அதில் எவ்வளவு சந்தேகம் என்பதைக் காட்டியது. ஒரே முறை கேட்ட தவளையின் கோடு மற்றவற்றின் அருகில்தான் இருந்தது. ஆனாலும் ஈரத்தின் பக்கமாகக் கொஞ்சம் விலகி, தனக்கென்று ஒரு சாய்வோடு இருந்தது. அது வாழக்கூடிய இடமாக, அதைக் கேட்ட ஓடையோடு, இதுவரை அதன் குரல் கேட்காத வேறோர் ஓடையையும் மாதிரி சுட்டியது.

அதன் பட்டைதான் எல்லாவற்றிலும் அகலம். பர்வீன் அதன் ஓரத்தை விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

"இவ்வளவு சந்தேகத்தோட அறிக்கையில போடலாமா மேடம்?"

"போடுங்க அக்கா," என்றாள் சுடர்க்கொடி. "ரோடு அதுக்குக் கொஞ்சம் கூடுதலா இடம் விடணும். அவ்வளவுதான்."