பூட்டிக்கொண்ட வண்டி

சேம்பரை மலையில் ஒரு சிறிய மடம் இருந்தது. அங்கயற்கண்ணி என்ற பெண் துறவி அதை நடத்திவந்தார். மலைக்காரர்கள் அவரை அம்மை என்றார்கள்.

மடத்தில் அவருக்கு ஒரே சீடர், மாசிலாமணி. அம்மையைவிட வயதில் மிகவும் மூத்தவர். மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். அம்மை அவரை அண்ணே என்று கூப்பிடுவார். அவர் அம்மையை அம்மா என்பார்.

மடத்துக்கு ஒரு பழைய வேன் உண்டு. மலையில் வேறு வண்டி கிடையாது. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், மாசிலாமணிதான் கீழே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போவார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, சடையன் என்பவனைப் போர்வையில் கட்டித் தூக்கிவந்தார்கள். அவன் மனைவி பொன்னாயி கூடவே ஓடிவந்தாள்.

"காட்டுக் குடிசையில தரையில படுத்திருந்தாருங்க அம்மா. விடியறப்ப வயிறு வலிக்குதுன்னாரு. இப்பக் கண்ணைத் தொறக்க முடியலைங்கறாரு."

அம்மை குனிந்து அவன் காலைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே, ஊசி குத்தியதுபோல இரண்டு புள்ளிகள்.

"கட்டுவிரியன்," என்றார் மாசிலாமணி.

"வண்டிய எடுங்கண்ணே."

பேட்டரி இறங்கியிருந்தது. சடையனைப் பின்சீட்டில் கிடத்தி, பொன்னாயியும் அம்மையும் ஏறிக்கொள்ள, தூக்கிவந்தவர்கள் வண்டியைத் தள்ளினார்கள். இறக்கத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தள்ளியவர்கள் சேற்றில் பின்தங்கிவிட்டார்கள். மாசிலாமணி அவர்களுக்காக நிறுத்தவில்லை.

"ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் எஞ்சினை அணைக்கக் கூடாது," என்றார். "அணைச்சா மறுபடி புடிக்காது."

நன்றாகத்தான் ஓட்டினார். ஒவ்வொரு வளைவும் அவர் கைக்குத் தெரியும். பொன்னாயி புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள். அவன் முதலில் முனகினான். பிறகு முனகலும் குறைந்தது. இமைகள் பாதி மூடியபடி நின்றன.

பாதி மலையில் ஒரு பெரிய மரக்கிளை ரோட்டின் குறுக்கே முறிந்து விழுந்திருந்தது.

மாசிலாமணி கை பிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சின் ஓட ஓட இறங்கினார். கிளையை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அம்மை இறங்கிவந்து கைகொடுத்தார். அப்போதும் அசையவில்லை.

"அம்மணி, நீயும் வா!" என்று பொன்னாயியைக் கூப்பிட்டார். "மூணு பேர் இல்லாம நகராது!"

அவள் புருஷனின் தலையை மெல்ல எடுத்துச் சீட்டில் வைத்தாள். மழை உள்ளே அடிக்காமல் இருக்கக் கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்தாள்.

மாசிலாமணி வண்டிக்குத் திரும்பி, ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலிருந்து அரிவாளை எடுத்தார். கதவின் பொத்தானை அழுத்திவிட்டுச் சாத்தினார். சந்தையில் நிறுத்தினாலும் கோயிலில் நிறுத்தினாலும் அப்படித்தான் செய்வார். கைக்குப் பழக்கம். அந்த ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாக் கதவுகளும் பூட்டிக்கொள்ளும்.

சிறு கொப்புகளை வெட்டிவிட்டு, மூன்று பேரும் சேர்ந்து கிளையை ஓரத்துக்கு இழுத்தார்கள். பொன்னாயிதான் முதலில் வண்டிக்கு ஓடினாள். கதவை இழுத்தாள். மறுபக்கம் போய் இழுத்தாள்.

"ஐயா, தொறக்கலைங்க!"

மாசிலாமணி கண்ணாடி வழியே பார்த்தார். சாவி உள்ளே தொங்கியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காக ஏற்றிய கண்ணாடிகளில் ஒன்றில்கூட விரல் நுழைய இடமில்லை.

"லாக் ஆயிடுச்சு," என்றார்.

"வேற சாவி?"

"மடத்துல இருக்கு."

பொன்னாயி பின்கண்ணாடியில் முகத்தை வைத்து அழுத்தினாள். சடையன் அவளைப் பார்த்தபடி கிடந்தான். கதவின் பொத்தான் அவன் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"இந்தாய்யா! அந்தப் பொத்தானை மேல தூக்கு! கைக்கிட்டதான் இருக்கு, தூக்கு!"

அவன் கை அசையவில்லை. கண் மட்டும் அவள்மேல் நின்றது.

"தலையாட்டுறாருங்க!" என்றாள். "கேக்குதாம்! தலையாட்டுறாரு!"

எஞ்சின் அதிர்வில் வண்டி முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து அவன் தலையும் ஆடியது.

மாசிலாமணி அரிவாள் நுனியைக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையில் விட்டு நெம்பினார். "இதோ, ஒரு நிமிஷம். எத்தனை வண்டி தொறந்திருக்கேன்."

பொன்னாயி ரோட்டோரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து ஓங்கினாள். மாசிலாமணி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம் அம்மணி! கண்ணாடி அவன் மூஞ்சில தெறிக்கும். நான் தொறந்துடறேன்."

அவள் அவரைப் பார்த்தாள். அம்மையைப் பார்த்தாள். அம்மை ஒன்றும் சொல்லவில்லை. பொன்னாயி கையைத் தாழ்த்திக் கல்லைக் கீழே போட்டாள்.

அவர் வேலி ஓரமாகப் போய் ஒரு கம்பியைப் பிடுங்கி வந்தார். அதை வளைத்து உள்ளே விட்டார். கொக்கி பொத்தானைத் தொட்டது, நழுவியது. மறுபடி தொட்டது. "ஆங், மாட்டிக்கிச்சு," என்றார். நழுவியது. கம்பியை வெளியே எடுத்து வேறு மாதிரி வளைத்தார். மழை விட்டது. மலைமேல் வெயில் வந்தது. அவர் இன்னும் வளைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அம்மை குனிந்து, பொன்னாயி போட்ட கல்லை எடுத்தார். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியை உடைத்தார். துண்டுகள் எல்லாம் முன்சீட்டில் கொட்டின. பின்சீட்டில் ஒரு தூள்கூட விழவில்லை.

மாசிலாமணி கண்ணாடித் துண்டுகள்மேலேயே உட்கார்ந்து ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் சடையனை இறக்கியபோது அவனுக்கு மூச்சு இல்லை. டாக்டர் நெஞ்சை அழுத்தினார். குழாய் விட்டார். வெகுநேரம் போராடிவிட்டு வெளியே வந்தார்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்றார்.

அதே வண்டியில் சடையனை மலைக்குக் கொண்டுவந்தார்கள்.

சாவு வீட்டில் ஊர்ப் பெரியவர் மாசிலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "உசுரைக் குடுத்து ஓட்டினீங்க. அவன் விதி அவ்வளவுதான்." மாசிலாமணியின் கால்சட்டையில் இன்னும் ரத்தக் கறை இருந்தது. கண்ணாடி கிழித்த இடம். அதைப் பார்த்து இரண்டு பெண்கள் அழுதார்கள். மாசிலாமணி ஒன்றும் சொல்லவில்லை.

பொன்னாயி மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

காரியம் முடிந்தது. மாசிலாமணி மடத்தில் விளக்கேற்றினார், விறகு வெட்டினார். தியானத்துக்கு உட்கார்ந்தால் கண்ணை மூட முடியவில்லை. ஒருநாள் பிற்பகல் அம்மையின் எதிரே வந்து அமர்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அன்னிக்கு அந்தப் பொண்ணு கல்லெடுத்தப்பவே உடைச்சிருந்தா, அவன் பொழைச்சிருப்பானா?"

"தெரியாது அண்ணே."

"பொழைச்சிருப்பான்னு சொல்லுங்க. இல்ல, எப்படியும் செத்திருப்பான்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும் எனக்குத் தெரியாது."

அவர் குரல் உயர்ந்தது.

"நீங்களும் அங்கதான நின்னீங்க? அவ உங்களைத்தான பாத்தா? ஏன் மொதல்லயே கல்லை எடுக்கல?"

"நீங்க தொறந்துருவீங்கன்னு நம்பினேன்."

"அப்ப உங்க மேலயும் தப்பு இருக்கு."

"இருக்கு. அது என் பங்கு. அதை உங்களுக்குத் தர மாட்டேன்."

மாசிலாமணி தலையைக் குனிந்தார். "எனக்கு ஏதாவது தண்டனை குடுங்கம்மா. விரதம் சொல்லுங்க. நடந்தே காசிக்குப் போகச் சொல்லுங்க, போறேன். எதையாவது செஞ்சு இதைக் கழிச்சுடறேன்."

அந்த நேரத்தில்தான் வாசலில் ஆள் அரவம் கேட்டது. சடையனின் அக்கா வீராயி, பொன்னாயியின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். பொன்னாயி பாதியாக இளைத்திருந்தாள்.

"இவளைப் பாருங்கம்மா," என்றாள் வீராயி. "யார்கிட்டயும் பேச மாட்டேங்கறா. சுவத்துல கையைக் கையை அடிச்சுக்கறா. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா. உங்ககிட்டயாவது சொல்லட்டும்."

பொன்னாயியின் வலது கை வீங்கியிருந்தது. விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

அம்மை அவளை எதிரே உட்காரவைத்தார். நெடுநேரம் கழித்து அவள் பேசினாள்.

"நான் ஏன் கீழ இறங்கினேன்?"

வீங்கிய கையை விரித்துப் பார்த்தாள்.

"தலை என் மடியில இருந்துச்சு. எடுத்துக் கீழ வெச்சுட்டு நான் இறங்கினேன். கல்லு என் கையில இருந்துச்சு. நான் கீழ போட்டேன். கட்டின பொண்டாட்டி நான். யாரு என்ன சொன்னா என்ன, நான் உடைச்சிருக்க வேணாமா? அவரு பாத்துக்கிட்டே இருந்தாரும்மா. நான் போட்டதைப் பாத்தாரு. நான்தானம்மா அவரைக் கொன்னுட்டேன்?"

அம்மை மாசிலாமணி பக்கம் திரும்பினார்.

"இந்தக் கேள்விக்கு எங்கிட்டப் பதில் இல்ல. அண்ணே, நீங்க சொல்லுங்க."

மாசிலாமணி எழுந்து போய்விடுவதுபோல ஒரு கையைத் தரையில் ஊன்றினார். எழவில்லை.

"நீ இறங்கலை அம்மணி," என்றார். "நான்தான் கூப்பிட்டேன்."

பொன்னாயி நிமிர்ந்தாள்.

"கதவைப் பூட்டினது நான். கல்லை நீ போடலை. நான் உன் கையைப் புடிச்சேன். கண்ணாடி மூஞ்சில தெறிக்கும்னு சொன்னேன் பாரு, அது சும்மா வாயில வந்தது. முன்கதவுக் கண்ணாடிய உடைச்சா அவன்மேல படாதுன்னு எனக்குத் தெரியும். வண்டிக்காரனுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்?" என்றாள் பொன்னாயி.

"அவசரத்துல நான் பூட்டிட்டேன். உங்க ரெண்டு பேரு முன்னாடி எனக்கு அவமானமா இருந்துச்சு. நானே தொறந்துட்டா, நான் பூட்டினதே இல்லைன்னு ஆயிடும்னு நெனைச்சேன். அதுக்காகத்தான் கம்பிய வளைச்சுக்கிட்டு நின்னேன். உன் புருஷனை அந்த நேரம் நான் நெனைக்கவே இல்ல அம்மணி."

வீராயி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

பொன்னாயி அவரையே பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது. வீங்கிய கையை மடியில் வைத்து மற்றக் கையால் மூடிக்கொண்டாள்.

"நீதானா," என்றாள். அதுவரை அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

எழுந்தாள். யாரும் பிடிக்காமலே நடந்தாள். வாசலில் நின்று திரும்பாமல் சொன்னாள்.

"இனிமே எங்க ஊர்ப் பக்கம் உன் முகத்தைக் காட்டாத."

வீராயி அம்மையைப் பார்த்தாள், மாசிலாமணியைப் பார்த்தாள். பிறகு அவள் பின்னால் ஓடினாள்.

வெளியே பொன்னாயி சத்தம்போட்டு அழுவது கேட்டது. சடையன் செத்த நாளிலிருந்து அவள் அப்படி அழுததில்லை. அந்தச் சத்தம் பாதை வழியே இறங்கிப் போனது. மரங்களுக்குள் மறையும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாசிலாமணியின் முகம் செத்துப்போயிருந்தது.

"ஊரெல்லாம் தெரிஞ்சுடும்," என்றார். "இனி யாரும் என் வண்டியில ஏற மாட்டாங்க."

"ஏற மாட்டாங்க," என்றார் அம்மை.

"சொல்லி என்னம்மா ஆச்சு? அவன் திரும்பி வரலை. அவ மன்னிக்கவும் இல்ல. இருந்த துக்கத்தோட இப்ப வெறுப்பையும் நான் குடுத்தனுப்பிட்டேன்."

"அந்த வெறுப்பை நீங்க குடுக்கலை அண்ணே. இத்தனை நாளும் அது அவகிட்டதான் இருந்துச்சு, அவ மேலயே."