மாசிலாமணி கேட்ட கஞ்சி

“சாமி, இந்தப் பொண்ணை மடத்தை விட்டு அனுப்பிடுங்க. இல்லே, நான் போறேன்” என்றார் மூத்த சீடர் சிதம்பரநாதன்.

மாசிலாமணி அடிகள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். “என்ன பண்ணிச்சு?”

“பாட்டுக் கட்டியிருக்கு. கேட்டா காதைப் பொத்திக்குவீங்க.”

ஒன்பது வயது அஞ்சலை தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். தாய் செத்தபிறகு மடத்துக்கு வந்து ஒரு வருஷமாக இங்கேயே வளர்கிற பிள்ளை. துரத்தினால் போக்கிடம் கிடையாது. தான் செய்த தப்பு என்னவென்றே அவளுக்கு விளங்கவில்லை.

அந்த மடத்தில் யார் பாட்டுக் கட்டினாலும் கடைசி வரியில் குருவின் பேரைப் போட வேண்டும். சிதம்பரநாதன் அப்படி மூட்டை மூட்டையாகக் கட்டித் தள்ளியிருக்கிறார். அவளும் அச்சுப் பிசகாமல் போட்டிருந்தாள்.

“பாடும்மா” என்றார் அடிகள்.

பாடினாள்.

“ஆத்தாளைப் புதைச்ச அன்னிக்கு
அடுத்த வீட்டுக் கஞ்சி இனிச்சுது;
இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொன்னது
மாசிலாமணி.”

சிதம்பரநாதன் தலையில் அடித்துக்கொண்டார். “கேட்டீங்களா? உங்களைப் போயி இப்படி...”

அடிகள் சிரித்துவிட்டார். “எங்க ஆத்தா குத்துக்கல்லாட்டம் இருக்காளே, அஞ்சலை. போன வாரம்கூட வந்து என்னைத் திட்டிட்டுப் போனா.”

அஞ்சலைக்கும் சிரிப்பு வந்தது.

“நான் கஞ்சி கேக்கலை. அப்போ கேட்டது யாரு?”

“பாட்டுல வர்ற ஆளு, சாமி.”

“அந்த ஆளுக்குப் பேர் இல்லையா?”

அவள் தூணை நகத்தால் சுரண்டினாள்.

“என் பேரை எடுத்துடு. யாரு கேட்டாங்களோ அவங்க பேரைப் போட்டுப் பாடு.”

“சாமி, மடத்து வழக்கம்...” என்று எழுந்தார் சிதம்பரநாதன். அடிகள் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அஞ்சலை மறுபடி ஆரம்பித்தாள். முதல் இரண்டு வரியும் தங்குதடையில்லாமல் வந்தன. மூன்றாவதில் குரல் இறங்கிற்று. கடைசி வரிக்கு வாயைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஊரே அழுதபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அவள். கல்நெஞ்சுக்காரி என்றுகூடப் பேசினார்கள். இத்தனை நாளும் அந்தக் கஞ்சியை வேறு யாரோ குடித்ததாகத்தான் அவளுக்கு இருந்தது.

“அஞ்சலை” என்றாள்.

சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான் சாமி. ஆத்தா செத்துட்டா. நான் இன்னும் ஊத்தச் சொன்னேன்.”

அதன்பிறகு அவள் அழுத அழுகையைக் கேட்டு மடமே ஓடிவந்தது. சிதம்பரநாதனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அடிகள் அவர் பக்கம் திரும்பினார்.

“சிதம்பரம், இந்தப் பிள்ளை நம்ம மடத்துக்கு இப்பத்தான் வந்திருக்கு. அதுக்குள்ள அனுப்பச் சொல்றியே.”